உகண்டாவில் பள்ளிவாசலும் எழுத்தறிவு வட்டமும்: எயிட்ஸ் காலத்து ஒரு வரலாறு



டிசம்பர் 1 வந்தால் பாடசாலைகளில் எயிட்ஸ் தினம் என்று ஐந்து நிமிடம் பேசுவோம். ஒரு சிவப்பு ரிப்பன், ஒரு சுவரொட்டி, அவ்வளவுதான். பிள்ளைகள் கேட்க நினைப்பதைக் கேட்கமாட்டார்கள். நாங்களும் சொல்ல வேண்டியதைச் சொல்லமாட்டோம். இன்றைக்குப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெரியவர்களுக்காக ஒரு வரலாறு எழுதுகிறேன். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களிடம், வெளியே சொல்லக் கூச்சப்படும் ஒரு நோயைப் பற்றி எப்படிப் பேசினார்கள் என்ற கதை. அதில் பள்ளிவாசல்களுக்கும் பெரிய பங்கு உண்டு. கொஞ்சம் நீளம், இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

கதை நடந்த நாடு உகண்டா. விக்டோரியா வாவிக் கரையில், தன்சானியா எல்லைக்குப் பக்கத்தில், அப்போதைய ரக்காய் மாவட்டத்தில் கசென்செரோ என்றொரு மீன்பிடிக் கிராமம். 1982 அளவில் அங்கே திடகாத்திரமான மனிதர்கள் வயிற்றோட்டம், காய்ச்சல் என்று படுத்து, எலும்பும் தோலுமாகி மௌத்தானார்கள். மெலிந்து போவதால் அந்த நோய்க்கு 'ஸ்லிம்' என்று பெயர் வைத்தார்கள். எல்லை தாண்டி வந்த வியாபாரிகளை நம்மவர்கள் ஏமாற்றினார்கள், அவர்கள் சூனியம் வைத்துவிட்டார்கள் என்றுதான் ஊரில் முதலில் பேச்சு. இது வைரஸால் வரும் நோய் என்று உகண்டா மருத்துவர்களும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 'லான்செற்' மருத்துவ இதழில் எழுதியது 1985இல்.

1986 ஜனவரியில் முசெவெனி ஆட்சிக்கு வந்தார். அந்த வருடம் மே மாதம் ஜெனீவாவில் நடந்த உலக சுகாதார மாநாட்டில் உகண்டாவின் சுகாதார அமைச்சர் ருஹகானா ருகுண்டா எழுந்து, எங்கள் நாட்டில் எயிட்ஸ் இருக்கிறது, உதவி வேண்டும் என்று பகிரங்கமாகச் சொன்னார். பல நாடுகள் மூடி மறைத்துக்கொண்டிருந்த காலம் அது. முசெவெனியின் அரசியலைப் பற்றி எனக்குப் பல விமர்சனங்கள் உண்டு, ஆனாலும் இந்த ஒரு விடயத்தில் அந்த நாடு காட்டிய துணிவை மறுக்க முடியாது.

அரசாங்கம் வானொலியில் முரசு அறைந்து பிரசாரம் செய்தது. சுவரொட்டி ஒட்டியது. 'சீரோ கிரேஸிங்' என்றொரு சுலோகம் நாடு முழுக்கப் பரவியது. முளையில் கட்டிய மாடு தன் வட்டத்துக்குள் மட்டும் மேய வேண்டும், அடுத்தவன் காணிக்குப் போகக் கூடாது என்பது அதன் பொருள். மாடு வளர்க்கும் மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1987இல் நொயரின் கலேபா என்ற பெண்மணி, எயிட்ஸால் கணவரை இழந்த அதே வருடம், நோயாளிகளுக்காக 'டாசோ' அமைப்பைத் தொடங்கினார். 1989இல் பிலி லுட்டாயா என்ற புகழ்பெற்ற பாடகர் தனக்கு இந்த நோய் இருப்பதை ஊரறியச் சொல்லிவிட்டு, அந்த வருட இறுதியிலேயே இறந்து போனார்.

இத்தனை பிரசாரமும் யாரைப் போய்ச் சேர்ந்தது? இந்தக் கேள்விக்குப் பிற்காலத்தில் ஒரு பதில் கிடைத்தது. டாமியன் டி வால்க் என்ற பொருளியலாளர் மசாக்கா மாவட்டத்துக் கிராமங்களில் 1990 முதல் பத்து வருடங்களுக்கு மேல் சேர்த்த தரவுகளை ஆராய்ந்தார். 1990இல் படித்தவர், படிக்காதவர் என்று தொற்றில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. 2000 அளவில் நிலைமை மாறியிருந்தது. பாடசாலை சென்ற இளவயதினரிடம், குறிப்பாக இளம் பெண்களிடம், தொற்று குறைவாக இருந்தது. நோய் புதிதாக வந்தபோது எல்லோரும் ஒரே இருட்டில்தான் இருந்தார்கள். தகவல் வந்த பிறகு, படித்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். எழுத்துத் தெரியாதவர்கள், அவர்களிலும் பெண்கள், பின்னால் நின்றுவிட்டார்கள்.

உகண்டா முஸ்லிம்களுக்கு இதில் ஒரு தனிக் கவலை இருந்தது. அந்த நாட்டில் நவீன பாடசாலைகளைத் தொடங்கியவர்கள் மிஷனரிமார். பிள்ளை மதம் மாறிவிடுவான் என்ற பயத்தில் முஸ்லிம் பெற்றோர் தயங்கினார்கள். இளவரசர் பத்ரு கக்குங்குலு முன்னின்று 1940களில் முஸ்லிம் கல்விச் சங்கம் அமைக்கும்வரை அந்தச் சமூகம் கல்வியில் மிகவும் பின்தங்கியிருந்தது. இதை வாசிக்கும்போது உங்களுக்கும் சித்திலெப்பை மரைக்காரும், வாப்பிச்சி மரைக்காரும், 1892இல் கொழும்பில் தொடங்கிய மத்ரஸாவும் நினைவுக்கு வரும். அதே பயம், அதே பின்னடைவு, ஏறத்தாழ அரை நூற்றாண்டு வித்தியாசம்.

இனிப் பள்ளிவாசல்களின் கதைக்கு வருவோம்.

1980களின் இறுதியில் முஸ்லிம் மருத்துவர்கள் சிலர் சேர்ந்து உகண்டா இஸ்லாமிய மருத்துவச் சங்கத்தை நடத்தி வந்தார்கள். முக்கியமானவர் டாக்டர் மஜீத் கக்கிமு. 1989இல் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் சமயத் தலைவர்களை அழைத்து இந்த நோய் பற்றிப் பயிற்சி கொடுத்தார்கள். எயிட்ஸுக்கு எதிரான ஜிஹாத் என்ற அறிவிப்பு அங்கேதான் பிறந்தது. வெறும் அறிவிப்போடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். 1992இல் பள்ளிவாசல் பள்ளிவாசலாக வேலை தொடங்கியது. இமாமுக்குப் பயிற்சி, அவருக்கு உதவியாளர்கள், வீடு வீடாகப் போகத் தொண்டர்கள். பெண்களிடம் பேசப் பெண்களையே பயிற்றுவித்தார்கள். காலப்போக்கில் இமாம்கள், தொண்டர்கள் என்று 8,000 பேருக்கு மேல் பயிற்சி பெற்றார்கள், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் போனார்கள். வாசிக்கத் தெரியாத உம்மாவுக்குச் சுவரொட்டி தேவைப்படவில்லை, அதன் செய்தியை வாசலுக்கு வந்த ஒருத்தி வாயாலேயே சொன்னாள்.

என்ன சொன்னார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. தொடக்கத்தில் எடுத்த கணக்கெடுப்பில் இரண்டு விடயங்களில் மக்களுக்குத் தெளிவே இல்லை என்று தெரியவந்தது. ஒன்று கத்னா, மற்றது மய்யித்தைக் குளிப்பாட்டுவது. ஒரே கத்தியால், ஒரே பிளேட்டால் பல பிள்ளைகளுக்கு அடுத்தடுத்துக் கத்னா செய்வதில் ஆபத்து இருக்கிறது. இரத்தமும் புண்ணும் உள்ள மய்யித்தைக் கையுறை இல்லாமல் குளிப்பாட்டுவதிலும் ஆபத்து இருக்கிறது. இந்த இரண்டையும் வெளியிலிருந்து வந்த ஒரு அரச சாரா நிறுவனம் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? எங்கள் மார்க்கத்தில் கை வைக்கிறார்கள் என்று ஊரே எழும்பியிருக்கும். இமாம் சொன்னதால் நடைமுறை மட்டும் மாறியது. கத்னாவும் குளிப்பாட்டலும் அப்படியே இருந்தன, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புது பிளேட் வந்தது, குளிப்பாட்டுபவரின் கைக்கு உறை வந்தது.

(கத்னா பற்றி ஒரு சிறு குறிப்பு. ஆண்களுக்கான விருத்தசேதனம், பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பை ஏறத்தாழ 60 வீதம் குறைக்கிறது என்று தென்னாபிரிக்கா, கென்யா, உகண்டாவின் இதே ரக்காய் ஆகிய மூன்று இடங்களில் நடந்த பரிசோதனைகள் காட்டின. 2007இல் உலக சுகாதார ஸ்தாபனமும் அதைப் பரிந்துரைத்தது. இதைச் சிலர் மேடையில் பெருமையாகச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். 60 வீதம் என்பது 100 வீதம் அல்ல, அது மனைவியைப் பாதுகாக்கும் கவசமும் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.)

ஆணுறை விடயத்தில் இழுபறி இருந்தது. ஆரம்பத்தில் உலமாக்கள் அதைப் பேசவே மறுத்தார்கள், ஸினாவுக்குக் கதவு திறப்பதாகும் என்றார்கள். மருத்துவர்கள் சண்டை பிடிக்கவில்லை. மீண்டும் மீண்டும் உட்கார்ந்து பேசினார்கள். கணவனுக்கு நோய் இருக்கிறது, மனைவிக்கு இல்லை, அவள் ஹலாலான மனைவி, அவளை எப்படிப் பாதுகாப்பது? இப்படியான கேள்விகளுக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. ஒழுக்கமும் விசுவாசமும் முதலில், அதற்குப் பிறகு பொறுப்போடு ஆணுறை பற்றிய அறிவும் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். மபிகி, இகங்கா ஆகிய மாவட்டங்களில் இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது, கத்னா, மய்யித் விடயங்களில் அறிவு தெளிவாகக் கூடியிருந்தது. 45 வயதுக்குக் குறைந்தவர்கள், தங்களுக்கு இருந்த துணைகளின் எண்ணிக்கை குறைந்திருப்பதாகச் சொன்னார்கள். 1998இல் ஐக்கிய நாடுகளின் எயிட்ஸ் அமைப்பு இந்த வேலையை ஒரு முன்மாதிரியாக நூல் வடிவில் வெளியிட்டது. 2001 நவம்பரில் முஸ்லிம் தலைவர்களின் முதலாவது சர்வதேச எயிட்ஸ் ஆலோசனை மாநாடு கம்பாலாவிலேயே நடந்தது.

இமாம்கள் எழுத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த வேலை வேறொரு பக்கத்திலிருந்து வந்தது.

1992இல் உகண்டா அரசாங்கம் எட்டு மாவட்டங்களில் வளர்ந்தோர் எழுத்தறிவுத் திட்டமொன்றைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. விவசாயம், சுகாதாரம் என்று வாழ்க்கைக்குத் தேவையானவற்றையே வாசிப்புப் பாடமாக்குவது அதன் யோசனை. கிணறு, பசளை, தடுப்பூசி என்று பாடங்கள் போகும். யோசனை நல்லதுதான். ஆனால் பாடத்தை எழுதியவர் எங்கோ மேசையில் இருக்கிறார். படிப்பவர் 'தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி' என்று எழுத்துக்கூட்டி வாசிக்கிறார். விறகு பொறுக்க யார் போவது என்ற கேள்வி புத்தகத்தில் இருக்காது. ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். பாடப்புத்தகம் பதில் சொல்லும் கேள்வி ஒன்று, வகுப்பில் இருப்பவரின் மனதில் உள்ள கேள்வி வேறொன்று.

இந்த இடைவெளியை முன்பே பிடித்தவர் பிரேசில் நாட்டு பாவ்லோ பிரேரே. 1963இல் அங்கிகோஸ் என்ற ஊரில் 300 தொழிலாளர்களுக்கு ஏறத்தாழ 40 மணித்தியாலத்தில் எழுத்தறிவு கொடுத்துக் காட்டினார். அவர்களுடைய அன்றாடச் சொற்களையே எடுத்து, அந்தச் சொல்லுக்குப் பின்னால் உள்ள வாழ்க்கையை முதலில் பேசவிட்டு, பிறகு எழுத்தைச் சொல்லிக் கொடுப்பது அவர் வழி. அடுத்த வருடம் இராணுவம் ஆட்சியைப் பிடித்து அவரைச் சிறையில் போட்டது. எழுத்துக் கற்றால் ஏன் என்று கேட்பார்கள் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது!

பிரேரேயின் வழியை எடுத்து, கிராமத்தவர்கள் நிலத்தில் வரைபடம் கீறும் முறையோடு சேர்த்து, 'ரிஃப்ளெக்ட்' என்ற முறையை அக்ஷன் எயிட் நிறுவனம் உருவாக்கியது. 1993 முதல் 1995 வரை மூன்று இடங்களில் பரீட்சித்தார்கள். எல் சல்வடோரில் ஒன்று, பங்களாதேஷின் போலா தீவில் பெண்களின் சேமிப்புக் குழுக்களில் ஒன்று, உகண்டாவில் ருவென்சோரி மலையடிவாரத்து புண்டிபுக்யோவில் ஒன்று. புண்டிபுக்யோ மக்களின் லுப்விசி, லுக்கொன்ஸோ மொழிகளில் அதற்கு முன் வாசிக்க எதுவும் கிடையாது என்றே சொல்லலாம். முதல் தடவையாகத் தங்கள் வீட்டு மொழியை எழுத்தில் பார்த்தார்கள்.

வட்டம் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். பாடப்புத்தகம் கிடையாது. இருபது, முப்பது பேர் மர நிழலில் உட்காருவார்கள். நிலத்தில் பன்னிரண்டு கோடு கீறி மாதங்களாக்குவார்கள். காய்ச்சல் எந்த மாதம் கூடுதல், வயிற்றோட்டம் எப்போது, வீட்டில் சாப்பாடு குறைவது எப்போது என்று ஒவ்வொரு மாதத்திலும் அவரை விதைகளை வைப்பார்கள். ஒருத்தி ஐந்து விதை வைப்பாள், மற்றவள் இல்லை மூன்று என்பாள், வாக்குவாதம் வரும். வாக்குவாதம்தான் பாடம். பிறகு அந்தப் படத்தைப் பெரிய தாளுக்கு மாற்றுவார்கள், ஒவ்வொரு அடையாளத்துக்கும் பக்கத்தில் சொல் எழுதுவார்கள். அவர்கள் முதலில் எழுதக் கற்கும் சொல், அவர்களே சண்டை பிடித்து வைத்த சொல். விதைகளை எண்ணுவதிலிருந்து கணக்கு வரும்.

குடும்பத் திட்டமிடலுக்கும் இப்படியே ஒரு கட்டம் கீறலாம். ஒரு பக்கம் ஒவ்வொரு முறையும், மறுபக்கம் செலவு, பக்க விளைவு, கணவன் சம்மதிப்பானா, கிளினிக் எவ்வளவு தூரம் என்று வரிசைகள். விரிவுரை எதுவும் இல்லாமலே பெண்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்கிறார்கள். எழுந்து நின்று தன் கதையைச் சொல்லக் கூச்சப்படும் பெண்ணுக்குக் கூட ஒரு விதையை எடுத்து ஒரு கட்டத்தில் வைப்பது கஷ்டமில்லை. என் கண்ணுக்கு இந்த முறையின் கெட்டித்தனம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

புண்டிபுக்யோவில் சேர்ந்தவர்களில் 68 வீதமானோர் ஒரு வருடத்தில் அடிப்படை எழுத்தறிவு பெற்றதாகவும், வழமையான வகுப்புகளில் அது 22 வீதம் என்றும் அந்த ஆய்வு சொன்னது. முறையை உருவாக்கியவர்களே ஆய்விலும் பங்கெடுத்ததால் இந்த எண்களைக் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். 1997இல் கிளர்ச்சியாளர்கள் புண்டிபுக்யோ நகரைத் தாக்கினார்கள், மக்கள் வீடு வாசலை விட்டு முகாம்களுக்குப் போனார்கள். இடம்பெயர்வு என்றால் என்ன என்று எங்கள் சமூகத்துக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எழுத்து வட்டத்தில் காய்ச்சலைப் பேசலாம். கணவன் மனைவி விடயத்தை ஆணும் பெண்ணும், மாமியும் மருமகளும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்து பேச முடியுமா? இதற்கு வழி காட்டியவர் அலிஸ் வெல்போர்ன். கர்ப்பிணியாக இருந்தபோது 1992இல் தனக்கே எச்.ஐ.வி. இருப்பதை அறிந்த பெண்மணி. ஜின்ஜாவுக்குப் பக்கத்தில் புவெண்டா என்ற கிராமத்தில் வேலை செய்து, 1995இல் 'ஸ்டெப்பிங் ஸ்டோன்ஸ்' என்ற பயிற்சிக் கையேட்டை வெளியிட்டார். ஊரை நான்காகப் பிரிப்பது அவர் முறை. வயதான ஆண்கள், வயதான பெண்கள், இளைஞர்கள், இளம் பெண்கள். வாரக்கணக்கில் தனித்தனியாக உட்கார்ந்து தங்களுக்குள் பேசுவார்கள், நடித்துக் காட்டுவார்கள். வாசிக்கத் தெரிய வேண்டிய அவசியமில்லை. கடைசியில் ஊர் முழுக்க ஒன்றுகூடும்போது ஒவ்வொரு குழுவும் மற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கும். ஆண், பெண் தனித்தனியாக உட்காருவது எங்களுக்குப் புதிதல்ல. பழைமை என்று சிலர் சிரிக்கும் அந்த ஏற்பாடுதான் அங்கே பெண்களின் வாயைத் திறந்தது. ஆனால் கடைசிக் கூட்டம் இல்லாவிட்டால் பயனில்லை. தனியாகப் பேசியது ஆண்களின் காதுக்கும் போக வேண்டும்.

அந்தக் கையேடு போன இடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது கம்பியா. சனத்தொகையில் 90 வீதத்துக்கு மேல் முஸ்லிம்கள். அங்கே 1990களின் இறுதியில் குடும்பத் திட்டமிடல் என்று வாயெடுத்தாலே, எங்கள் தொகையைக் குறைக்கப் பார்க்கிறார்கள் என்ற சந்தேகம். எங்கள் நாட்டில் 2018, 2019இல் கொத்துரொட்டியையும் மருத்துவரையும் வைத்து எழுந்த மலட்டுத்தன்மை வதந்திகளை மறந்திருக்கமாட்டீர்கள். இங்கே அந்தப் பயத்தை எங்களுக்கு எதிராகவே கிளப்பினார்கள், அங்கே அது முஸ்லிம்களிடமே இருந்தது. கம்பியாவில் வேலை செய்தவர்கள் அந்தப் பயத்தோடு மோதவில்லை. பிள்ளை கிடைக்காமல் போவதுதான் ஊரின் பெரிய துக்கம் என்று கண்டு, அங்கிருந்து தொடங்கினார்கள். சிகிச்சை செய்யாத பாலியல் நோய்கள் மலட்டுத்தன்மையைக் கொண்டுவரும், உங்கள் பிள்ளைப் பாக்கியத்தைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். பெரியவர்களும் இமாம்களும் காது கொடுத்தார்கள். 2002இல் வெளிவந்த மதிப்பீட்டில், பயிற்சி நடந்த கிராமங்களில் தம்பதியினரிடையே பேச்சு கூடியதும் வீட்டில் அடிதடி குறைந்ததும் பதிவாகியிருக்கின்றன.

2000களின் நடுப்பகுதியில் இந்த இரண்டையும் ஒன்றாக்கினார்கள். ரிஃப்ளெக்ட் வட்டத்தின் எழுத்தும் விதையும், ஸ்டெப்பிங் ஸ்டோன்ஸின் தனித்தனிக் குழுக்களும் சேர்ந்த அந்த முறைக்கு 'ஸ்டார்' என்று பெயர். உகண்டாவிலும் வேறு சில நாடுகளிலும் நடந்தது.

எல்லாம் சுகமாக நடந்தது என்று நினைக்க வேண்டாம். வளர்ந்தவர்கள் வகுப்புக்கு வருவது பெயர் எழுத, கையொப்பம் வைக்க, சந்தையில் ஏமாறாமல் இருக்க. வந்து உட்கார்ந்தால் நாள் முழுக்க எயிட்ஸ், எயிட்ஸ் என்று பேசினால் அடுத்த வாரம் வரமாட்டார்கள். பேச்சு அதிகம், எழுத்து குறைவு என்பது ரிஃப்ளெக்ட் மீது வந்த முக்கியமான குற்றச்சாட்டு, அதில் நியாயமும் இருக்கிறது. நடத்துபவரும் பெரும்பாலும் அதே ஊரில் கொஞ்சம் படித்தவர், சிறு தொகைக்கு வேலை செய்பவர். விவாதத்தையும் நடத்தி எழுத்தையும் பழக்குவது அனுபவமுள்ள ஆசிரியருக்கே சிரமம். நோயைக் குறைத்ததா என்ற கேள்வியும் உண்டு. தென்னாபிரிக்காவின் ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில் 70 கிராமங்களில் ஸ்டெப்பிங் ஸ்டோன்ஸைப் பரிசோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். ஹெர்பீஸ் தொற்று மூன்றிலொரு பங்கு குறைந்திருந்தது, ஆண்கள் துணையை அடிப்பதும் குறைந்தது. எச்.ஐ.வி. தொற்று குறைந்ததாக நிரூபிக்க முடியவில்லை. உகண்டாவில் 1990களின் தொடக்கத்தில் வளர்ந்தவர்களில் 15 வீதமளவில் இருந்த தொற்று, பத்து வருடங்களில் 6 வீதமளவுக்கு இறங்கியதற்கும் எது எவ்வளவு காரணம் என்று இன்றும் ஆய்வாளர்கள் வாதாடுகிறார்கள்.

எங்கள் நாட்டில் தொற்று 0.1 வீதத்துக்கும் குறைவு. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார ஸ்தாபனம் எங்களுக்குச் சான்று தந்தது. கர்ப்பிணித் தாய்மாரின் கிளினிக்கும் வீடு வரும் மிட்வைஃப்மாரும் இல்லாமல் அது நடந்திருக்காது. பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இரத்தப் பரிசோதனை இலவசம், இரகசியம் காக்கப்படும். கர்ப்பிணி அல்லாத பெண், வெளிநாட்டிலிருந்து வரும் கணவனின் மனைவி, பிள்ளைப்பேறு முடிந்த ராத்தாமார், இவர்களிடம்தான் பேச்சு போய்ச் சேர்வதில்லை. கிளினிக் அட்டையை வாசிக்க மகளைக் கூப்பிடும் உம்மாமார் எங்கள் ஊர்களில் இன்னமும் இருக்கிறார்கள். மகளிடம் கேட்கக்கூடிய விடயமா இது?

அதே உம்மாமார் குர்ஆன் ஓதுவார்கள். தமிழ் எழுத்துத் தெரியாத எங்கள் மூத்தம்மாமார் அரபுத்தமிழில் கிதாபுகளும் மாலைகளும் வாசித்தவர்கள். பெண்களுக்கான ஓதல் வகுப்புகள் ஊருக்கு ஊர் அஸருக்குப் பிறகு நடக்கின்றன. அந்த வகுப்போடு சேர்த்துத் தமிழ் எழுத்தோ, மிட்வைஃபின் பேச்சோ எந்த ஊரிலாவது நடந்திருந்தால், இப்போது நடந்தால், கீழே எழுதுங்கள். எந்த வருடம், யார் முன்னின்றார்கள், எத்தனை மாதம் ஓடியது, ஏன் நின்றது என்று தெரிந்தவரை எழுதுங்கள். வீட்டில் பழைய அரபுத்தமிழ்க் கிதாபு இருந்தால் அட்டையைப் படம் பிடித்துப் போடுங்கள்.